ராணி ராம்பால் மாதிரி வர ஏலுமா? ஹொக்கி ரீச்சரிட்டக் கேட்டவை

யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகளுக்கு நெடுங்காலம் ஹொக்கி பழக்கி ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவரிடம், இந்திய வீராங்கனை ராணி ராம்பாலை முன்வைத்துப் பலர் கேட்ட கேள்விகளும் அவரின் பதில்களும்.

சுன்னாகத்திலிருந்து ஒரு தாய்: மகள் தரம் 8. சரியான மெலிவு, ஹொக்கிக்குச் சரிவராது எண்டு சொல்லுகினம்.

ராணியையும் முதலில் அப்பிடிச் சொல்லித்தான் திருப்பி அனுப்பினவை. ஹரியானாவில ஷாகாபாத் ஊர். தகப்பன் வண்டில் இழுத்து உழைச்சவர். உடைஞ்ச ஸ்ரிக்கால பழகினவ. பிறகுதான் பயிற்றுநர் பல்தேவ் சிங் அவவைச் சேர்த்தார். அங்க பயிற்சிக்கு வாற பிள்ளை அரை லீற்றர் பால் கொண்டுவரவேணும். வீட்டில ஏலுமானது 200 மில்லி. மிச்சத்துக்குத் தண்ணி கலந்தவ. உடைஞ்ச ஸ்ரிக்கால பழகினவ. அம்மா, முட்டை, மீன், பயறு குடுங்கோ. வெறும் பிளேன்ரீயோட மைதானத்துக்கு அனுப்பாதேங்கோ.

மகள் இடக்கைக்காரி. இடக்கை ஸ்ரிக் எங்க வாங்கலாம்?

எங்கயும் இல்லை. எல்லாருக்கும் ஒரே ஸ்ரிக்தான், தட்டை முகம் இடப்பக்கம். ஆனா மேல பிடிச்சு ஸ்ரிக்கைத் திருப்புறது இடக்கை. பிள்ளைக்கு லாபம்!

ஓஎல் சோதினை முடியட்டும், பிறகு விளையாடலாம் எண்டு அப்பா சொல்லுறார்.

ராணி 14 வயசளவில, 2008இல, இந்திய அணிக்கு வந்திட்டா. 15 வயசில ஆர்ஜென்டீனாவின்ர ரொசாரியோவில உலகக் கிண்ணம்: 7 கோல், சிறந்த இளம் வீராங்கனை விருது. இந்தியா ஒன்பதாவது இடந்தான், ஆனா உலகம் அவவைப் பார்த்திட்டுது. அப்பாவிட்ட கிழமைக்கு ரெண்டு பின்னேரம் மட்டும் கேளுங்கோ பிள்ளை. ரெண்டு வருஷம் விட்டுட்டு வாறவைக்கு ஓட்டம் திரும்பி வரும், கைப்பழக்கம் வராது.

இங்க வெல்லுற எங்கட பிள்ளைகள் கொழும்பில தோக்கினம். ஏன்? (ஒரு இளம் பயிற்றுநர்)

தரை, தம்பி. இங்க புல்லும் மண்ணும். பந்து துள்ளும், பிள்ளை நிப்பாட்டி, நிமிர்ந்து பார்த்து, பிறகுதான் அடிக்கும். தண்ணி அடிச்ச செயற்கைத் தரையில பந்து வழுக்கிக்கொண்டு வரும். வாங்கேக்கயே உடம்பைத் திருப்பி, அடுத்த ஆளுக்குக் குடுக்கவேணும். 1976 மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில வந்த தரை இது, நாங்கள் இன்னும் மண்ணில நிக்கிறம். வலைப்பந்துத் திடலின்ர சீமெந்தில, முழங்கால் மடிச்சுப் பந்து வாங்கப் பழக்குங்கோ. அதோட, இரவு பஸ்ஸில போய் விடிய இறங்கி ஆடவிடாதேங்கோ. அது தண்டனை. முதல்நாளே போய் ஒரு மணித்தியாலமாவது அந்தத் தரையில ஓடவிடுங்கோ.

டோக்கியோ ஒலிம்பிக்கில ராணிக்குப் பதக்கம் இல்லையே, ஏன் இவ்வளவு புகழ்?

1980க்குப் பிறகு இந்தியப் பெண்கள் ஒலிம்பிக்குக்குப் போனதே 2016இல. அதில கடைசி இடம். 2019இல புவனேஸ்வரில அமெரிக்காவோட தகுதிகாண் ஆட்டம்: முதல் ஆட்டம் 5-1 வெற்றி. ரெண்டாவதில இடைவேளைக்குள்ளயே 0-4. ரெண்டு ஆட்டத்தின்ர கோலையும் கூட்டித்தான் முடிவு, அப்ப 5-5. நாலாம் கால்பகுதியில ராணி ஒரு கோல் அடிச்சா, டோக்கியோ கிடைச்சுது. அங்க முதல் மூண்டு ஆட்டமும் தோல்வி. பிறகு அடுத்த ரெண்டையும் வெண்டு, கால் இறுதியில அவுஸ்திரேலியாவை 1-0 எண்டு வெண்டு, அரையிறுதியில தோத்து, வெண்கலத்துக்கான ஆட்டத்தில பிரித்தானியாவிட்ட 3-4 எண்டு தோத்தினம். என்னைக் கேட்டால், அந்த நாலாமிடம் சில பதக்கங்களை விடப் பெரிசு.

இதால பிழைக்க ஏலுமா?

ஹொக்கியை மட்டும் நம்பிக் கஷ்டம். ராணியே காயம், தெரிவுக்குழு எண்டு இழுபட்டு, 2024 ஒக்ரோபரில, முப்பது முடியமுன்னம் ஓய்வு பெற்றா. அவவின்ர 28ஆம் இலக்கச் சட்டையை இந்திய அணியில இனி ஒருவருக்கும் குடுக்கமாட்டினமாம். ஆர்ஜென்டீனாவின்ர லூசியானா அய்மார் 37 வரை ஆடினவ. எல்லாருக்கும் அது வாய்க்காது. இலங்கையில முப்படை அணிகள் வீராங்கனைகளை எடுக்கும், எங்கட வீடுகளில அந்தப் பேச்சு லேசில்லை எண்டும் தெரியும். ஆனா பல்கலைக்கழக அனுமதியில விளையாட்டுத் திறமைக்கு விசேட ஏற்பாடு இருக்கு. சான்றிதழ்களைத் தரம் 8இல இருந்தே ஒரு ஃபைலில போட்டு வையுங்கோ.