பேனலிலேயே தொங்கும் சாவி

கேள்வி: ஆலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். "நம்ம பிஎல்சி (மெஷின்களை இயக்கும் சின்ன கணினி) இன்டர்நெட்லயே இல்ல, அதுக்கு எதுக்கு பாஸ்வேர்டு" என்கிறார் சூப்பர்வைசர். அவர் சொல்வது சரியா?
— ஒரு வாசகர், ஓசூர்

பதில்: பாதி சரி. இன்டர்நெட்டில் இல்லாதது நல்லதுதான். ஆனால் உங்கள் லேப்டாப்பும் பென்டிரைவும் எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்து அதே பிஎல்சியில்தானே மாட்டுகின்றன? 2010இல் வெளியே தெரிய வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற வைரஸ், ஈரானின் நதான்ஸ் யுரேனியம் ஆலையைக் குறிவைத்தது. அங்கேயும் இன்டர்நெட் கிடையாது. சீமென்ஸ் பிஎல்சிக்குள் உட்கார்ந்துகொண்டு மோட்டாரின் அதிர்வெண்ணை 1410 ஹெர்ட்ஸுக்கு ஏற்றி, அப்புறம் ஒரேயடியாக 2 ஹெர்ட்ஸுக்கு இறக்கும்படி அதை எழுதியிருந்தார்கள். இதைவிட எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு: வைரஸ் புகுந்த கணினியில் இன்ஜினியர் புரோகிராமைத் திறந்து பார்த்தால், அது சேர்த்த புரோகிராம் பிளாக்குகள் கண்ணுக்கே தெரியாது.

இன்டர்நெட்டில் இருந்தால் இத்தனை சிரமம்கூட வேண்டாம். 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், அலிகிப்பா என்ற சின்ன ஊரின் குடிநீர் பம்பிங் நிலையத்தில் யூனிட்ரானிக்ஸ் பிஎல்சியின் திரையை ஹேக்கர்கள் பிடித்தார்கள். ஊழியர்கள் மேனுவலுக்கு மாற்றித் தண்ணீர் விட்டதால் ஊர் தப்பியது. அந்த வகை பிஎல்சிகளுக்கு அப்போது கம்பெனி போட்டு அனுப்பிய பாஸ்வேர்டு என்ன தெரியுமா? 1111.

கேள்வி: பேட்ச் (ஓட்டையை அடைக்கும் சாஃப்ட்வேர் திருத்தம்) போட்டால் போதாதா?
— அதே வாசகர்

பதில்: பேட்ச் போட ஆலையை நிறுத்த வேண்டும், யார் சம்மதிப்பார்கள்! போட்டாலும் எல்லா ஓட்டையும் அடைபடாது. பிஎல்சிகள் கட்டளைகளைப் பரிமாறிக்கொள்ளும் மொழியான, 1979இல் வந்த மோட்பஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள், 'வால்வைத் திற' என்று யார் சொன்னாலும் திறக்கும், நீ யார் என்று கேட்கவே கேட்காது. அது பழுதல்ல, அப்படியேதான் வடிவமைத்தார்கள்.

சாவிக்கு வருகிறேன். 2017இல் சவுதியின் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில், ஆபத்து நேரத்தில் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டிய டிரைகோனெக்ஸ் கன்ட்ரோலருக்குள்ளேயே டிரைட்டன் என்ற நிரல் நுழைந்தது. கன்ட்ரோலரின் முகப்பில் ஒரு சாவி இருக்கும். அதை 'ரன்'னில் திருப்பியிருந்தால் புரோகிராமை மாற்றியிருக்க முடியாது; அங்கே 'புரோகிராம்' நிலையிலேயே விட்டிருந்தார்கள். தாக்கியவர்கள் எங்கோ சொதப்ப, ஆலை தானாக நின்றது, விஷயம் வெளியே வந்தது.

நாளைக்கு ஷிப்டுக்குப் போனதும் பேனலைத் திறந்து உங்கள் சாவி எதில் இருக்கிறது என்று பாருங்கள். கதவின் உள்பக்கம் பாஸ்வேர்டு எழுதிய ஸ்டிக்கர் இருந்தால் அதையும் கிழித்துவிடுங்கள்.