2002ல் ரசிகர்கள் தொடங்கிய லண்டன் கால்பந்து கிளப் ஏ.எஃப்.சி. விம்பிள்டன், 1988ல் ஜெயித்த எஃப்.ஏ. கோப்பையை (இங்கிலாந்தின் பெரிய நாக்-அவுட் கோப்பை) தங்களுடையது என்று சொல்வது நியாயமா?

நியாயம்தான். பதிவேட்டை மட்டும் பார்த்தால் தப்பாகத் தெரியும், ஏனென்றால் அந்தக் கோப்பையை ஜெயித்த பழைய விம்பிள்டன் கிளப்பின் லீக் இடம் இன்று மில்டன் கீன்ஸ் நகரத்தில் எம்.கே. டான்ஸ் என்ற பெயரில் இருக்கிறது. ஆனால் ஒரு கால்பந்து கிளப் என்பது லீக்கில் அதற்கு இருக்கும் இடமும் பங்குப் பத்திரங்களும் மட்டும்தானா என்பதுதான் இங்கே உண்மையான கேள்வி.

விம்பிள்டன் என்றால் நமக்கு டென்னிஸ். லண்டன் தமிழர்களுக்குக் கூடவே அங்குள்ள கணபதி கோவிலும் ஞாபகம் வரும். வேலைக்காகப் பக்கத்தில் டூட்டிங்கில் நான்கு வருடம் இருந்ததால்தான் எனக்கு இந்தக் கிளப் பழக்கமானது. அப்போது அவர்கள் கிங்ஸ்டன் பக்கம் கிங்ஸ்மெடோ மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள், 131ஆம் நம்பர் பஸ் பிடித்தால் வாசலிலேயே இறங்கலாம். நின்றுகொண்டே மேட்ச் பார்க்கும் படிக்கட்டில் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும் பெரியவர் ஒருவர் உண்டு. கீழே நான் சொல்வதில் பாதியை முதலில் அவரிடம் கேட்டு, அப்புறம்தான் தேடிப் படித்தேன்.

1889ல் விம்பிள்டன் காமன் திடலில், ஒரு பள்ளியின் முன்னாள் மாணவர்கள் தொடங்கியது பழைய விம்பிள்டன் கிளப். 1912ல் பிளவ் லேன் மைதானத்துக்கு வந்தார்கள். 1963ல் அமெச்சூர் கோப்பையை ஜெயித்தபோது சட்டன் யுனைடெட்டை 4-2 என்று வீழ்த்தினார்கள், நான்கு கோலையும் எடி ரெனால்ட்ஸ் என்ற ஒரே ஆள் தலையாலேயே முட்டிப் போட்டார். 1977ல்தான் நாட்டின் தொழில்முறை லீக்கில் இடம் கிடைத்தது, ஒன்பதே வருடத்தில் அதன் உச்சப்படியான முதல் டிவிஷன். அங்கே போன இரண்டாம் வருடம், 1988 மே 14, வெம்ப்ளியில் லிவர்பூலோடு இறுதிப் போட்டி. அந்த வருட லீக் சாம்பியனே லிவர்பூல்தான். டென்னிஸ் வைஸ் அடித்த ஃப்ரீ கிக்கை லாரி சான்செஸ் தலையால் கோலுக்குள் தள்ளினார். இரண்டாம் பாதியில் ஜான் ஆல்ட்ரிட்ஜின் பெனால்டியை கேப்டனும் கோல்கீப்பருமான டேவ் பீசண்ட் பாய்ந்து தடுத்தார். வெம்ப்ளியில் நடந்த எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டிகளில் பெனால்டி தடுக்கப்பட்டது அதுதான் முதல் தடவை. 1-0. இதைச் சொல்லும்போது அந்தப் பெரியவரின் கை தானாகவே இடப்பக்கம் பாயும்.

மூன்றே வருடத்தில் சொந்த மைதானம் போயிற்று. ரசிகர்கள் பலர் நெரிசலில் இறந்த 1989 ஹில்ஸ்பரோ மைதான விபத்துக்குப் பிறகு பெரிய டிவிஷன் மைதானங்கள் எல்லாம் இருக்கை மைதானங்களாக வேண்டும் என்று விதி வந்தது, பிளவ் லேனை அப்படி மாற்ற முடியாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. 1991லிருந்து கிரிஸ்டல் பேலஸின் மைதானத்தில் குடியிருப்பு. பழைய இடம் ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, கடைசியில் அடுக்குமாடி வீடுகளாயிற்று. அந்தக் குடியிருப்புக்கு வைத்த பெயர் ரெனால்ட்ஸ் கேட், அந்த நான்கு கோல் ரெனால்ட்ஸின் பெயர்.

வீடில்லாத கிளப்பை எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம் என்ற எண்ணம் முதலாளிகளுக்கு அப்போதே வந்துவிட்டது, டப்ளின் வரைக்கும் பேச்சு போனது. கடைசியில் சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி, லீக் அணியே இல்லாத புதிய நகரமான மில்டன் கீன்ஸ். 2002 மே 28 அன்று இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் அமைத்த மூன்று பேர் குழு 2-1 என்ற கணக்கில் அனுமதி கொடுத்தது. ரசிகர்கள் அடியிலிருந்து புதிதாக ஒரு கிளப் தொடங்குவது கால்பந்தின் பொது நலனுக்கு உகந்ததல்ல என்றும் அந்தக் குழுவின் அறிக்கையில் எழுதியிருந்தார்கள். இத்தனை வருடம் கழித்தும் அந்த வரியைப் படித்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அடுத்த மாதமே ரசிகர்கள் அதைச் செய்துகாட்டினார்கள், அதுதான் ஏ.எஃப்.சி. விம்பிள்டன். 1889ல் எல்லாம் தொடங்கிய அதே காமன் திடலில் ஆள் தேர்வு, வந்தவர்கள் 230 பேர். முதல் நட்பு மேட்ச், மறுபடியும் சட்டன் யுனைடெட்டோடு, 0-4 தோல்வி. பார்க்க வந்தவர்கள் 4,657. லீக் ஏணியின் அடிப்படிகளில், மற்ற அணிகளுக்குச் சில நூறு பேர் வந்தாலே பெரிது என்ற இடத்தில், இவர்களுக்கு மூவாயிரம் பேர் வந்தார்கள். 2003லிருந்து 2004 வரை 78 லீக் மேட்ச் தோற்கவே இல்லை. 2011ல் லூட்டன் டவுனை பெனால்டியில் ஜெயித்து ஒன்பதே வருடத்தில் லீக்குக்குத் திரும்பினார்கள். 1977லிருந்து 1986 வரை ஏறிய ஏற்றத்துக்கும் அதே ஒன்பது வருடம்தான் ஆனது!

சரி, கோப்பைக்கு வருகிறேன். 2007ல் எம்.கே. டான்ஸே அந்த 1988 கோப்பையின் மாதிரியையும் மற்ற நினைவுப் பொருள்களையும் விம்பிள்டன் இருக்கும் மெர்ட்டன் நகராட்சியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அவர்கள் கணக்கிலேயே அவர்கள் வரலாறு 2004ல்தான் தொடங்குகிறது. வாதம் அங்கேயே முடிந்தது என்பேன். மில்டன் கீன்ஸில் பிறந்து தன் ஊர் அணிக்குக் கைதட்டும் பையன் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, முடிவெடுத்தவன் அவன் இல்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. பிளவ் லேனுக்குத் திரும்பப் பணம் வேண்டும் என்று கிங்ஸ்மெடோவை செல்சீக்கு விற்றார்கள், அதனால் அங்கே 1989லிருந்து ஆடிய கிங்ஸ்டோனியன் கிளப் 2017ல் வெளியேற வேண்டியதாயிற்று. வீடிழந்த வலி தெரிந்தவர்களின் கையால் இது நடந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பணம் போதாமல் ரசிகர்களிடமே கடன் பத்திரம் விற்று 50 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டி, பழைய மைதானத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் புதிய பிளவ் லேனைக் கட்டி முடித்தார்கள். முதல் மேட்ச் 2020 நவம்பர் 3, டான்காஸ்டர் ரோவர்ஸோடு 2-2. கொரோனா காலம், ஒரு ரசிகருக்கும் உள்ளே அனுமதி இல்லை. நான் அதற்குள் ஊர் திரும்பியிருந்தேன், நள்ளிரவு தாண்டி போனில் பார்த்தேன். காலி இருக்கைகளைக் காட்டும்போதெல்லாம் அந்தப் பெரியவர் எங்கே உட்கார்ந்திருப்பார் என்றுதான் தேடினேன். 29 வருடம் காத்திருந்துவிட்டு, அன்று அவரும் என்னைப் போலவே ஒரு சின்னத் திரையில்தான் பார்த்திருப்பார்.