கேத்தி ஸ்டேஷனும் சம்பளக் கணக்கும்

கேள்வி: எங்கள் கேத்தி ஸ்டேஷனில் எடுத்த 'மூன்றாம் பிறை' மாதிரி படத்தில் நடித்த கலைஞர்கள், பிறகு குத்துப்பாட்டு, பறந்து பறந்து சண்டை என்று இறங்கிவிடுகிறார்களே! நடிகன் என்றால் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டாமா?
(வாசகர், கேத்தி பாலாடா)

பதில்: 'பிறகு' என்று எழுதிவிட்டீர்கள், அங்கேயே கணக்கு தப்புகிறது. 'மூன்றாம் பிறை' வந்தது 1982 பிப்ரவரியில். 'சகலகலா வல்லவன்' அதே ஆண்டு ஆகஸ்ட் 14-ல். நடுவில் முழுசாக ஆறு மாதம்கூட இல்லை. இரண்டிலும் கமல்ஹாசன், இரண்டிலும் இளையராஜா, இரண்டிலும் சில்க் ஸ்மிதா. ஒன்று கமலுக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. மற்றதன் புத்தாண்டுப் பாட்டு இன்றைக்கும் டிசம்பர் 31 நள்ளிரவில் ஊர் ஸ்பீக்கரை விடுவதில்லை.

கேத்தி பிளாட்பாரத்தில் எடுத்த கடைசிக் காட்சியை நெஞ்சில் வைத்திருக்கும் உங்களுக்கு, அதே படத்தில் சில்க் ஸ்மிதா ஆடும் 'பொன்மேனி உருகுதே' எப்படி மறந்தது? அந்தப் பாட்டு கதைக்குத் தேவையில்லை. படத்தை வாங்க வரும் விநியோகஸ்தருக்குத் தேவை. அந்தச் சில நிமிஷத்தை விற்றுத்தான் கடைசிக் காட்சியை வாங்கினார்கள் என்பது என் கட்சி. மழை, சேறு அப்பிய முகம், அடிபட்ட கால். நினைவு திரும்பியதும் தன்னை மறந்துபோன நாயகி ரயிலில் இருக்கிறாள்; ரயில் நகர நகர, முன்பு அவள் சிரித்து ரசித்த குரங்கு வித்தையை நாயகன் தலையில் சட்டியோடு ஆடிக் காட்டுகிறான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்கு அவன் யாரோ ஒரு பைத்தியம். இதை எந்த ஏரியாவில், யாரிடம், என்ன சொல்லி விற்பது?

குத்துப்பாட்டால் நடிகனுக்குப் பெரிய கெடுதல் வந்துவிடாது. கெடுப்பது சம்பளம். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. கதாநாயகன் சம்பளம் நீங்கலாக 10 கோடியில் முடியக்கூடிய கதை. நேற்று ஒரு மாஸ் படம் ஓடியதால் அவர் கேட்பது 20 கோடி. ஆக 30. தியேட்டரில் வசூலாகும் 100 ரூபாயில் வரி, தியேட்டர் பங்கு, விநியோகக் கமிஷன் போகத் தயாரிப்பாளர் கைக்கு வருவது பாதிக்கும் கீழே. தியேட்டரை மட்டும் நம்பினால் 60 கோடிக்கு மேல் வசூலானால்தான் போட்ட பணம் திரும்பும். அதே ஆள் 2 கோடிக்கு நடித்திருந்தால் 25 கோடியிலேயே கரை ஏறலாம். சாட்டிலைட், ஓடிடி விலை இந்தப் பள்ளத்தைக் கொஞ்சம் தூர்க்கும், அவ்வளவுதான்.

60 கோடி வேண்டும் என்றதும் ஸ்கிரிப்டில் கை வைப்பார்கள். நம் நீலகிரி அடங்கிய கோவை விநியோக ஏரியாவுக்கும், கொடைக்கானல் அடங்கிய மதுரை ஏரியாவுக்கும் எம்.ஜி. (மினிமம் கியாரண்டி, அதாவது இவ்வளவு பணம் நிச்சயம் என்ற ஒப்பந்தம்) பேச வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "ஃபைட் எத்தனை?" அறிமுகப் பாட்டு ஒன்று, இடைவேளைக்கு முன் ஒரு சண்டை ஏறும். போதாததற்கு, 35 நாளில் ஒரே மூச்சில் எடுக்க வேண்டியதை ஹீரோவின் கால்ஷீட் நாலைந்து துண்டாக்கும். ஜனவரி உறைபனியில் பாதி, ஜூலை மழையில் மீதி என்றால் புல்லின் நிறமே ஒட்டாது. கடைசியில் விருதுக்கும் ஆகாமல், விசிலுக்கும் ஆகாமல் ஒரு படம் வரும். "தரமான படத்தை மக்கள் ஆதரிப்பதில்லை" என்று பேட்டியும் வரும்.

சரியாகச் செய்தவர்களும் உண்டு. விக்ரமுக்கு 2003 பொங்கலுக்கு 'தூள்', மே மாதம் 'சாமி', தீபாவளிக்கு 'பிதாமகன்'. போலீஸ்காரராக வசனம் பேசித் தீர்த்தவர், சில மாதத்தில் ஏறக்குறைய வாயே திறக்காத வெட்டியானாக வந்து தேசிய விருது வாங்கினார். அந்த மயானக் கதைக்கு முதல் நாள் கூட்டம் கொண்டுவந்ததில் 'சாமி'க்கும் பங்கு உண்டு. தனுஷ் 'காக்கா முட்டை'யில் செய்தது எனக்கு இன்னும் பிடித்த வழி: பையன்களை முன்னால் விட்டு, முகத்துக்குப் பதிலாகப் பணத்தைப் போட்டார்.

கணக்கு தப்பியதற்கு உதாரணம் கொடைக்கானலிலேயே இருக்கிறது. 1991 தீபாவளிக்கு, அங்கே ஒரு குகையில் எடுத்த கமலின் 'குணா' வந்த அதே நாளில் ரஜினியின் 'தளபதி'யும் வந்தது. வசூலில் 'குணா' எழவில்லை. ஆனால் அந்தக் குகைக்கு வெள்ளைக்காரன் 'டெவில்ஸ் கிச்சன்' என்று வைத்த பெயர் போய் அது குணா குகை ஆனது. 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் அந்தக் குகையையும் 'குணா'வின் 'கண்மணி' பாட்டையும் வைத்துக் கோடி கோடியாக அள்ளியது. 1991-ல் பணம் போட்டவருக்கு அதனால் என்ன லாபம்?

மலையில் இன்னொரு இடைஞ்சல். இப்படிப்பட்ட படம் வாய்ச்சொல்லால் ஏற இரண்டாவது வாரம் வேண்டும். இங்கே இருக்கும் கொஞ்சம் ஸ்க்ரீனில் அடுத்த வெள்ளிக்கிழமை வேறு படம் ஏறிவிடும். இரவுக் காட்சி விட்டால் ஹட்டிக்கு (படுகர் கிராமத்துக்கு) போகப் பஸ் கிடையாது. ஆக, நான்கு காட்சியில் ஒன்று போனது போனதுதான்.

ஆகவே உங்கள் அபிமான நடிகர் அடுத்த முறை "கதைதான் ஹீரோ" என்று மைக்கில் சொன்னால், சம்பளத்தில் எவ்வளவு குறைத்தார், லாபத்தில் பங்கு என்று ஒப்புக்கொண்டாரா என்று விசாரியுங்கள். கூடவே ஒரு விஷயம்: 'மூன்றாம் பிறை'யை நீங்கள் பார்த்தது டிக்கெட் வாங்கியா, டிவியிலா? கடிதத்தில் அதை எழுதவில்லையே.