எட்டு ஆடு மட்டும் வைத்திருப்பவருக்குத் தடுப்பூசி தேவையா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குப் பக்கத்தில் எட்டு வெள்ளாடு வளர்ப்பதாகவும், ஊசி மருந்து ஐம்பது, நூறு ஆட்டுக்கான பாட்டிலாகத்தான் கிடைப்பதாகவும், இவ்வளவு சின்னப் பட்டிக்கு அது வீண் செலவில்லையா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வீண் இல்லை. ஐந்நூறு ஆடு வைத்திருப்பவருக்கு நான்கு செத்தால் தாங்கிக்கொள்வார். உங்களுக்கு நான்கு போனால் பாதிப் பட்டி காலி.

நான் கால்நடை மருத்துவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பம் டர்பனுக்கு வடக்கே இருக்கும் தொங்காட்டுக்கு உள்ளே, கரும்புத் தோட்டங்களை ஒட்டி, அப்பா காலத்திலிருந்து ஆடு வளர்க்கிறது. நான் சொல்வது அங்கே கண்டது. அளவும் தேதியும் உங்கள் ஊர்க் கால்நடை அதிகாரியிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்பா காலத்தில் மழை பிடித்துப் புல் தளதளவென்று வரும்போதெல்லாம் வீட்டில் ஒரு பயம் வரும். மாலையில் துள்ளி விளையாடிய கொழுத்த குட்டி விடியும்போது விறைத்துக் கிடக்கும். மெலிந்த குட்டிக்கு ஒன்றும் ஆகாது, நல்ல குட்டிதான் போகும். கண்ணேறு என்று பெரியம்மா எலுமிச்சம்பழம் கட்டினார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், நல்லதே குறிவைத்துச் சாகும்போது யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஒருமுறை அரசுக் கால்நடை உதவியாளர் செத்த குட்டியை அறுத்துப் பார்த்துவிட்டுப் பல்ப்பி கிட்னி என்றார். தமிழ்நாட்டில் இதைத் துள்ளுமாரி என்பார்கள். இந்தக் கிருமி ஆட்டின் குடலிலேயே இருக்கிறது. திடீரென்று இளம்புல்லோ தானியமோ அதிகமாகக் கிடைத்தால் பெருகி நஞ்சைக் கக்கும். மருந்து தேடிப் போக நேரமே இருக்காது. முன்கூட்டியே போடும் ஊசிதான் வழி. முதல்முறை போடுகிறவர்கள் நான்கு முதல் ஆறு வாரம் கழித்து இரண்டாவது ஊசியும் போட வேண்டும், அதை விட்டால் முதல் ஊசியால் பெரிய பலன் இல்லை. வெள்ளாட்டுக்கு எதிர்ப்புச் சக்தி செம்மறியைவிடச் சீக்கிரம் குறையும், அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடச் சொல்கிறார்கள். சினை ஆட்டுக்குக் குட்டி ஈனுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பு போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் பாதுகாப்பு போய்ச் சேரும்.

சரி, பாட்டிலுக்கு வருகிறேன். நாங்கள் அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒன்று வாங்குகிறோம். மேட்டில் இருக்கும் ஜூலு பெரியவர் (நாங்கள் பாபா என்றுதான் கூப்பிடுவோம்), கீழே சித்தப்பா மகன், மூதாதையர் சடங்குக்காக நாலைந்து ஆடு வைத்திருக்கும் ஒரு கோகோ (ஜூலு மொழியில் பாட்டி), அப்புறம் நாங்கள். ஆட்டுத் தலைக்கு இவ்வளவு என்று பணம் பிரித்துக்கொள்வோம். திறந்த பாட்டிலை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும் என்பதால் எல்லோருக்கும் ஒரே நாள். மருந்து இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. ஐஸ் பெட்டியில் துணி சுற்றி வைத்து வீடு வீடாகப் போவோம். பட்டிக்குப் பட்டி ஊசியை மாற்றிவிடுவோம். பாபா ஆட்டைப் பிடிக்கிற பிடியில் அது அசையாது. முதலில் தயங்கிய கோகோதான் இப்போது அடுத்த நாள் எப்போது என்று முதல் ஆளாகக் கேட்கிறார். பணம் மிச்சமாவது இருக்கட்டும், பக்கத்துப் பட்டியும் அதே நாளில் ஊசி போட்டிருக்கிறது என்ற நிம்மதி பெரிது.

தமிழ்நாட்டு வீடியோ பார்த்து ஆட்டுக்கொல்லி நோய் ஊசி எங்கே கிடைக்கும் என்று தேடாதீர்கள். அந்த நோய் தென்னாப்பிரிக்காவில் இல்லை. இங்கே பயப்பட வேண்டியது அந்த வீடியோக்களில் வராத ஹார்ட்வாட்டர். உண்ணி கடித்துப் பரவுவது. 1900லேயே லவுன்ஸ்பரி என்ற பூச்சியியலாளர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். கடும் காய்ச்சல், காலைத் தூக்கித் தூக்கி வைக்கும் நடை, பிறகு வலிப்பு. நெஞ்சுக்குள் நீர் கோத்துக்கொள்ளும். காய்ச்சல் கண்ட உடனே டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து போட்டால் பிழைக்க வழி உண்டு, வலிப்பு வந்த பிறகு கடினம். இதற்கும் ஒரு தடுப்பு மருந்து உண்டு. அது உயிருள்ள கிருமி கலந்த ரத்தம், உறைநிலையில் வரும், ரத்தக்குழாயில் போட்டுவிட்டுக் காய்ச்சலைக் கவனிக்க வேண்டும். அதை வீட்டில் நீங்களாகச் செய்ய வேண்டாம். காது, மடி, வாலடி, குளம்பு இடுக்கு இவற்றைத் தடவிப் பார்த்து உண்ணி மருந்து போடுவதைத் தவறாமல் செய்யுங்கள்.

குடற்புழுவுக்குக் கண்ணின் உள் இமையைப் பாருங்கள். அந்த நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் ஃபமாச்சா அட்டை இந்த நாட்டில் உருவானது. சிவப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள், வெளுத்திருந்தால் மருந்து கொடுங்கள். எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் ஊற்றினால் புழு மருந்துக்குப் பழகிவிடும்.

கேட்காததையும் சொல்கிறேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் தொங்காட்டின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. வயதானவர்கள் வாளியோடு லாரிக்கு வரிசையில் நின்றார்கள். ஆட்டுக்கு நல்ல தண்ணீர் வையுங்கள் என்று அப்போது அறிவுரை சொன்ன யாரும் எங்கள் தெருவுக்கு ஒரு தண்ணீர் லாரி அனுப்பவில்லை. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ஆடி மாதத்தில் கூழ் ஊற்றி அம்மனுக்குக் கிடா நேர்ந்தவர்கள் ஆடு வேண்டுமென்று அவசரமாக வந்து கேட்பார்கள். பலி சரியா தவறா என்று சண்டைக்கு வருபவர்கள் அதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள். நான் சொல்வது, மருந்து போட்ட ஆட்டை லேபிளில் எழுதியிருக்கும் காத்திருப்பு நாட்கள் முடியும்வரை இறைச்சிக்குக் கொடுக்காதீர்கள், யார் எவ்வளவு கொடுத்தாலும் சரி. அந்தக் கறியைச் சின்னப் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள்.

உங்கள் பெட்டைகள் எந்த மாதம் கிடாயோடு சேர்ந்தன என்று எழுதுங்கள். சினைக்காலம் சுமார் 150 நாள். எந்த வாரம் ஊசி போட வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.