உயர் மின்னழுத்த பிரேக்கருக்குள் மின்வில்லை வாயு எப்படி அணைக்கிறது?

மெழுகுவர்த்தியை ஊதி அணைப்பது போலத்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊதுவது உண்மைதான். ஆனால் மின்னோட்டம் நிற்பது ஊதலின் வேகத்தால் மட்டும் அல்ல.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம். நொடிக்கு 100 முறை அது தானாகவே பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புகிறது. மின்சுற்றைத் துண்டிக்கும் சாதனமான பிரேக்கர் காத்திருப்பது அந்தக் கணத்துக்காகத்தான். தொடுமுனைகள் பிரிந்ததும் நடுவே மூளும் மின்வில், பத்தாயிரம் டிகிரியையும் தாண்டிய பிளாஸ்மா, அதாவது மின்சாரத்தைக் கடத்தும் வாயு. கம்பி அறுந்த இடத்தில் கம்பியாகவே நின்று மின்சாரத்தைக் கடத்தும். ஓட்டம் பூஜ்யமாகும்போது அதற்குத் தீனி நின்றுபோகிறது. ஆனால் அடுத்த சில மைக்ரோநொடிகளிலேயே இரு முனைகளுக்கும் இடையே மின்னழுத்தம் மளமளவென்று ஏறத் தொடங்கிவிடும். அதை முந்திக்கொண்டு அந்த இடைவெளி காப்புத்திறனை மீட்டாக வேண்டும். இல்லையென்றால் மின்வில் மறுபடி மூண்டுவிடும்.

இங்கேதான் எஸ்.எஃப்.6 (சல்ஃபர் ஹெக்சாஃப்ளூரைடு) வாயுவின் அருமை தெரியும். அதன் மூலக்கூறு, அலையும் எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. எலக்ட்ரான் போய்விட்டால் கடத்துவதற்கு என்ன இருக்கிறது? பிரேக்கருக்குள் சுமார் ஆறு பார் அழுத்தத்தில் அடைத்திருக்கும் இந்த வாயுவை, திறக்கும்போது நகரும் சிலிண்டரே அமுக்கி, டெஃப்லான் நாசில் (குறுகிய குழாய்வாய்) வழியாக மின்வில்லின் மேல் பீய்ச்சுகிறது. வெப்பத்தில் உடைந்த மூலக்கூறுகள் ஆறியதும் பெரும்பாலும் பழையபடி சேர்ந்துகொள்கின்றன.

பல முறை ஃபால்ட்டை (ஷார்ட் சர்க்யூட் போன்ற மின்கோளாறை) அறுத்த ஒரு 230 கிலோவோல்ட் பிரேக்கரைப் பிரித்தபோது உள்ளே பார்த்திருக்கிறேன். தாமிர-டங்ஸ்டன் முனைகளில் கறையான் அரித்தது போல் பள்ளங்கள். நாசிலின் தொண்டை கருகி அகன்றிருந்தது. எங்கும் மாவு போல் வெள்ளைத் தூள். அது வாயு சிதைந்ததன் மிச்சம், நச்சு. ஈரம் பட்டால் அமிலமாகும். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் யாரும் அருகே போகக் கூடாது. வாயுவையும் வெளியே திறந்துவிடவே கூடாது. புவியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல் 23,000 மடங்குக்கும் மேல். முதலில் அதைத் தனிச் சேமிப்புச் சிலிண்டரில் மீட்டெடுத்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

வாயு கசிந்து அடர்த்தி குறைந்தால் முதலில் அலாரம் வரும். இன்னும் குறைந்தால் லாக்அவுட். டிரிப் (திற என்ற) கட்டளை கொடுத்தாலும் பிரேக்கர் திறக்காது. புதிதாக வருபவர்கள் இதைக் கோளாறு என்று நினைக்கிறார்கள். வாயு இல்லாமல் திறந்தால் மின்வில் அணையாமல் எரிந்து பிரேக்கரே வெடித்துவிடலாம் என்பதால்தான் இந்தத் தடை. அப்போது ஃபால்ட் வந்தால், அதே பஸ்பாரிலுள்ள (பல இணைப்புகள் சேரும் பொதுக் கடத்தியிலுள்ள) மற்ற பிரேக்கர்கள்தான் திறந்து அதைத் துண்டிக்க வேண்டும்.