2,000 ரூபாயில் செட்டில்மென்ட் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 24. கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 26,000 ரூபாய். பைக் கடன் கேட்டபோது சிபில் ஸ்கோர் 628தான் என்று மறுத்துவிட்டார்கள். அடுத்தடுத்து மூன்று இடங்களில் கேட்டும் அதே பதில். காலேஜில் படிக்கும்போது ஒரு ஆப் மூலம் இஎம்ஐயில் போன் வாங்கி, கடைசி இரண்டு தவணையைக் கட்டாமல் விட்டேன். அபராதத்தோடு இப்போது 3,900 ரூபாய் பாக்கி. "2,000 கட்டுங்க, செட்டில்மென்ட் போட்டுடலாம்" என்று போன் வருகிறது. போட்டுவிடலாமா சார்?

பதில்: வேண்டாம் தம்பி. 1,900 ரூபாய் மிச்சம் என்று நினைப்பீர்கள். ஆனால் உங்கள் கடன் வரலாறு பதிவாகும் கிரெடிட் ரிப்போர்ட்டில் அந்தக் கடனுக்கு நேராக 'செட்டில்டு' என்று ஏறிவிடும். கொடுத்த பணம் முழுதாகத் திரும்பவில்லை என்றுதான் வங்கிக்காரர் அதைப் படிப்பார். முழுதும் கட்டினால் 'க்ளோஸ்டு'. இந்த ஒரு சொல் வித்தியாசம் பல வருடம் கூடவே வரும். அபராதத்தைக் குறைக்கச் சொல்லிப் பேசிப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் 'க்ளோஸ்டு' என்றுதான் பதிவாகும் என்று எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள்.

அதையும் போனில் பேசுகிறவர் தரும் யூபிஐ எண்ணுக்கு அனுப்பிவிடாதீர்கள். ஆப்பின் பெயர் ஒன்றாக இருக்கும், பணம் கொடுத்த நிதி நிறுவனம் வேறாக இருக்கும். ரிப்போர்ட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களிடமே கட்டி, பாக்கி இல்லை என்ற சான்றை (என்ஓசி) வாங்கி வையுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இந்த ரிப்போர்ட்டைத் தயாரிக்கும் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். நம் ரிப்போர்ட்டை நாமே பார்த்தால் ஸ்கோர் குறையாது. நீங்கள் நான்கு இடங்களில் விண்ணப்பித்தீர்களே, அதுதான் குறைக்கும். 'இவர் கடனுக்கு அலைகிறார்' என்று அர்த்தமாகிவிடும். ஆறு மாதம் எங்கும் கேட்காதீர்கள்.

நாணயமானவர் என்று ஒருவரைச் சொல்கிறோமே, அதை 300 முதல் 900 வரை ஓர் எண்ணாக்கியதுதான் ஸ்கோர். பொதுவாக 750க்கு மேல் இருந்தால் வங்கிகள் தயங்குவதில்லை. உங்கள் சம்பளமோ சேமிப்போ அதில் சேராது. வாங்கியதைத் தேதி தவறாமல் திருப்பினீர்களா என்பதுதான் முக்கியக் கணக்கு. அதனால்தான் 2 லட்சம் சம்பளக்காரருக்கும் 600 இருக்கும்.

கட்டி முடித்ததும் வங்கிகளுக்கு அது தெரிய முன்பு ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகும். 2025 ஜனவரி முதல் கடன் கொடுத்தவர்கள் 15 நாளுக்கு ஒருமுறையாவது இந்த நிறுவனங்களுக்குத் தகவல் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்தது. அப்போதும் பாக்கி என்றே காட்டினால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. 5,000 கொடுத்தால் ஸ்கோரை ஏற்றித் தருகிறேன் என்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பழைய தவறு உடனே அழியாது. அதற்கு மேல் நல்ல மாதங்களை அடுக்க வேண்டும். 15,000 அல்லது 20,000 ரூபாயை எஃப்டி போட்டால் அதன் பேரில் கிரெடிட் கார்டு கொடுக்கும் வங்கிகள் உண்டு. பெட்ரோலுக்கு மட்டும் தேய்த்து, லிமிட்டில் 30 சதவீதம் தாண்டாமல், பில் முழுவதையும் கட்டுங்கள். பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையான 'மினிமம் டியூ' மட்டும் கட்டினால் போதும் என்று இருந்துவிட்டால் மிச்சத்துக்கு மாதம் 3 சதவீதத்துக்கு மேல்கூட வட்டி ஓடும்.

பைக்கோடு இது முடியாது. வீட்டுக் கடன் வட்டியை ஸ்கோர் பார்த்து வைக்கும் வங்கிகள் பல. 30 லட்சம், 20 வருடக் கடனுக்கு 8.5 சதவீதம் என்றால் தவணை சுமார் 26,035. 9 சதவீதம் என்றால் 26,992. மொத்தத்தில் ஏறக்குறைய 2.3 லட்சம் கூடுதல்.

சரி, பைக்குக்கு வருவோம். அந்த ஆறு மாதமும், தவணை கட்டுவதாகவே நினைத்து மாதம் 4,000 தனியாக எடுத்து வையுங்கள். முன்பணம் 24,000 சேர்ந்துவிடும். கடனும் அந்த அளவுக்குக் குறைவாகக் கேட்கலாம்.