உயிர் சம்பந்தப்பட்ட மென்பொருளை எப்படிச் சோதிக்கிறார்கள்?

விமானம், மருத்துவக் கருவி போன்றவற்றில் ஓடும் மென்பொருள் எதையும் தாங்குமா என்று எப்படிப் பார்க்கிறார்கள் எனக் கேட்டிருக்கிறீர்கள். மருத்துவக் கருவிகளைச் சோதிக்கும் வேலையில் இருப்பவன் என்பதால் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

சொன்ன வேலையைச் சரியாகச் செய்கிறதா என்று பார்ப்பது பாதி வேலைகூட இல்லை. நாம் யோசிக்காத விதத்தில் ஒருவர் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்தத் துறைக்கு வருபவர்கள் எல்லோரும் படிப்பது தெராக்-25 விவகாரம். கனடாவில் தயாரான கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி அது. 1985 முதல் 1987க்குள் ஆறு நோயாளிகள் மீது அளவுக்கு மீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது. டெக்சாஸின் டைலர் நகரில் 1986இல் நடந்ததைப் பாருங்கள். எலக்ட்ரான் சிகிச்சைக்கு 'இ' தட்ட வேண்டிய இடத்தில் ஆபரேட்டர் எக்ஸ்-ரே சிகிச்சைக்கான 'எக்ஸ்' தட்டிவிட்டார். உடனே மேலே போய்த் திருத்திவிட்டு, மற்றக் கட்டங்களை என்டர் தட்டியே கடந்தார். உள்ளே காந்தங்கள் நிலைக்கு வர சுமார் 8 விநாடி ஆகும். அதற்குள் செய்த திருத்தத்தை நிரல் கவனிக்கவே இல்லை. திரையில் 'மால்ஃபங்ஷன் 54' (கோளாறு 54) என்று மட்டும் வந்தது. அடிக்கடி ஏதாவது பிழை காட்டும் கருவிதானே என்று, தொடர்வதற்கான 'பி'யை அழுத்தினார். நோயாளி மீது மறுபடியும் கதிர்வீச்சு பாய்ந்தது.

தயாரிப்பாளரால் அந்தப் பிழையை எளிதில் வரவழைக்க முடியவில்லை. அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் ஆபரேட்டரும் உட்கார்ந்து திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். சூட்சுமம் வேகத்தில் இருந்தது. நிதானமாகத் தட்டும் சோதனையாளர் கையில் அது சிக்கியே இருக்காது! அதனால் கை பழகியவர்களைக் கொண்டும், விசைகளைத் தாறுமாறான இடைவெளியில் அனுப்பும் நிரலைக் கொண்டும் சோதிக்க வேண்டும்.

முந்தைய மாடலான தெராக்-20இலும் அதே பிழை இருந்தது. ஆனால் அதில் தனியாக மின்சுற்றுப் பாதுகாப்பு இருந்ததால் ஃபியூஸ் போனதோடு சரி. புதியதில் மென்பொருளை நம்பி அதை எடுத்துவிட்டார்கள்.

அப்புறம், நேரம். போயிங் 787இல் மின்சாரம் 248 நாள் நிற்காமல் இருந்தால் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகளில் நேரத்தை எண்ணும் ஒரு கவுன்டர் நிரம்பி வழிந்து, மாறுமின்சாரம் மொத்தமும் போய்விடலாம் என்று 2015இல் அமெரிக்க விமானத்துறை உத்தரவு போட்டது. 248 நாள் யார் காத்திருப்பது? கவுன்டரை எல்லைக்குப் பக்கத்தில் வைத்துத் தொடங்கினால் போதும்.

மற்றபடி சென்சார் வயரைப் பிடுங்குவோம், பதிவாகும் நடுவில் மின்சாரத்தை நிறுத்துவோம். கருவி நின்றுபோனால் எனக்கு அவ்வளவு கவலை இல்லை. வயரைப் பிடுங்கிய பிறகும் கடைசியாகப் படித்த எண்ணையே புதிதுபோலக் காட்டிக்கொண்டிருந்தால்தான் வயிற்றைக் கலக்கும். அதனால் பிடுங்கியதும் நான் முதலில் பார்ப்பது, எத்தனை விநாடியில் அலாரம் அடிக்கிறது, அந்த எண் திரையிலிருந்து மறைகிறதா என்பதைத்தான்.